யார் கண்ணில் படக் கூடாது?

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். மணப்பெண் அறையில் ஒப்பனைக்காரி ஒருத்தி மணப்பெண்ணின் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். கதவை உதைத்துக்கொண்டு ஒப்பனைக்காரியின் கணவன் உள்ளே வந்தான். அவனை விட்டு அவள் விலகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மேசையில் முடி சுருட்டும் இரும்பு சூடாகிக் கிடந்தது. அவன் அதை எடுத்தான். அவளுடைய இடது கையைப் பிடித்து முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினான். மணப்பெண் அலறினாள். மணப்பெண்ணின் மாமன்மார் ஓடிவந்து அவனை இழுத்துப் போவதற்குள் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அதன்பிறகும் அவள் கிளினிக்குக்குப் போகவில்லை. கையை ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு, மணப்பெண்ணின் இன்னொரு கண்ணுக்கும் மை தீட்டி முடித்த பிறகுதான் கிளம்பினாள்.

இதை அவளே என்னிடம் சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, முதல் மாடியில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம். சிறு வியாபாரிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பது என் வேலை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வெப்சைட்ட மூடிடுன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. மூடினா நான் என்னா சாப்பிடுறது? அதுலதான் பொண்ணு வீட்டுக்காரங்க என்னைத் தேடி வராங்க. மூடாம அவன மட்டும் வெளிய தள்ள முடியுமா?"

என்னிடம் வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது வேறு. எந்த பிளகின் போட்டால் நல்லது, பக்கத்துக் கடைக்காரர் தளத்தில் ஏதோ மினுக்குகிறதே, அது எனக்கும் வேண்டும் என்பார்கள். பிளகின் என்பது தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருள். ஒன்று நாள்காட்டி காட்டும், ஒன்று படம் காட்டும், ஒன்று வாடிக்கையாளரின் செய்தியை வாங்கி அனுப்பும். நல்லதைச் சேர்ப்பதுதான் என் தொழில் என்று நானும் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட வேண்டிய தளம் ஒன்று முதல்முறையாக அன்றுதான் என் கைக்கு வந்தது.

அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவன் யாரையோ பிடித்துச் செய்யவைத்த தளம் அது. திறந்து பார்த்தேன். முகப்பிலேயே ஒரு நாள்காட்டி. எந்தத் தேதியில் எந்த மண்டபத்தில் எத்தனை மணிக்கு அவள் இருப்பாள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வியாபாரம் மும்முரமாக நடக்கிறது என்று காட்டுவதற்காகப் போட்டது. அவன் அவளைப் பின்தொடரவே தேவையில்லை. கைப்பேசியைத் திறந்தால் போதும்.

"இப்படித்தான் மண்டபத்துக்கு வந்திருக்கான்," என்றேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் யாரோ சொல்லிக் கொடுத்துட்டாங்கன்னு நினைச்சேன்கா. என் தங்கச்சியக்கூட சந்தேகப்பட்டுட்டேன்."

அதைவிட மோசமானது செய்திப் படிவம். விசாரித்து எழுதுகிறவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவளுக்கு வரும்போதே ஒரு நகல் அவனுக்கும் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாது. விசாரித்த மணப்பெண்கள் பலர் காரணம் சொல்லாமல் விலகிப் போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அவன் அவர்களுடைய அப்பாக்களை அழைத்து, வாயில் சொல்லக் கூசும் கதைகளைச் சொல்லியிருக்கிறான்.

அன்று மதியம் முழுக்க நாங்கள் இருவரும் ஒவ்வொரு பிளகினாக எடுத்துப் பார்த்தோம். இது யாருக்கு வேலை செய்கிறது, உனக்கா அவனுக்கா என்று நான் கேட்பேன். அவள் யோசித்துப் பதில் சொல்வாள். நாள்காட்டியைத் தூக்கிவிட்டு, தேதி காலியா இல்லையா என்று மட்டும் காட்டும் ஒன்றைப் போட்டோம். படம் ஏற்றியதும் இடத்தின் பெயரையும் சேர்த்துப் போடும் பிளகினை எடுத்தோம். செய்திப் படிவத்தை மாற்றினோம். வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் பகுதியையும் மூடிவிடலாம் என்றேன். அவன் வேறு வேறு பெயர்களில் அதில் எழுதியிருந்த அசிங்கம் கொஞ்சமல்ல.

"அது வேணும்கா," என்றாள். "ஒரு பொண்ணு நல்லா எழுதினா இன்னொரு பொண்ணு நம்பி வரும். அவனுக்காக அதையும் மூடணுமா?"

அவள் சொன்னதுதான் சரி. அவள் படித்து அனுமதித்தால் மட்டுமே கருத்து வெளியே தெரியும்படி வைத்தோம். தளம் முழுவதையும் தினமும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கும் பிளகின் ஒன்று. உள்ளே நுழைய மறைசொல் மட்டும் போதாது, கைப்பேசிக்கு வரும் எண்களையும் போட வேண்டும் என்று கேட்கும் பாதுகாப்பு பிளகின் ஒன்று. நான் நுழைந்தாலும் அந்த எண்கள் அவளுடைய கைப்பேசிக்குத்தான் போக வேண்டும் என்றாள். சம்மதித்தேன். முன்கூட்டிச் சொல்லாமல் நான் நுழைவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம்.

கடைசியாக, தளத்தை மாற்றும் உரிமையுள்ள நிர்வாகிகள் பட்டியலில் அவனுடைய பெயர்.

"இதை அழிச்சா அவனுக்குத் தெரிஞ்சிடும்மா. கோபம் வரும். போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் போட்டுட்டியா?"

"போட்டாச்சு, ஜாமீன்ல வெளிய வந்துட்டான். கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டுலயும் ஆர்டர் கேட்டிருக்கு. அம்பாங்ல தங்கச்சி வீட்ல இருக்கேன். அழிங்கக்கா."

"நீயே அழி," என்றேன். அவள் நல்ல கையை நீட்டி, ஒரு நிமிடம் மௌஸின் மேல் வைத்திருந்துவிட்டு அழுத்தினாள்.

அடுத்த வாரம், ஒரு மதியம், நேர்த்தியாகச் சட்டையணிந்த ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மடியில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்தார். ஷா ஆலம் பக்கம் கார் உதிரிபாகக் கடை தொடங்குகிறாராம்.

"எந்தெந்த பிளகின் போட்டா நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்கா. எனக்கு ஒன்னும் தெரியாது."

நான் தண்ணீர் கொடுத்தேன். நிறையச் சேர்க்காதீர்கள், தளம் மெதுவாகிவிடும், முதலில் பாதுகாப்பு, பிறகு நகல், பிறகு படிவம் என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டு போனேன். அவர் தலையாட்டிக் கேட்டார். கேள்விகள்கூடக் கேட்டார், நல்ல கேள்விகள்.

"ஒரு ஆள நிர்வாகியிலேர்ந்து தூக்கிட்டா, திரும்பப் போட முடியுமாக்கா?"

இது அவளுடைய கணவன் என்று அப்போதுதான் புரிந்தது. அவன் எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். பிறகு தெரிந்தது, ஒரு மணப்பெண்ணின் அம்மாவிடம் நயமாகப் பேசி, மனைவி யாரிடம் கொடுத்துத் தளத்தைச் சரிசெய்தாள் என்பதைக் கறந்திருக்கிறான்.

ஹெல்மெட் என் கன்னத்தில் இறங்கியது. நாற்காலியோடு விழுந்தேன். முடியைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தான். வாயில் உப்புக் கரித்தது, நாக்கில் ஒரு பல்லின் துண்டு தட்டுப்பட்டது. அவன் குரல் மட்டும் மாறவேயில்லை. அதே மரியாதைக் குரல்.

"என் பேர திரும்பப் போடுங்கக்கா. என் சைட்டு அது. நான் செஞ்சு கொடுத்தது."

அவளுடைய தளத்தைத் திறந்து மறைசொல்லைப் போட்டேன். திரை எண்களைக் கேட்டது.

"இது என்னா?"

"கோடு. அவ போனுக்குத்தான் போகும். என்கிட்ட இல்ல."

அவன் நம்பவில்லை. மேசையின் இழுப்பறையைத் திறந்து, என் வலது கையை அதற்குள் திணித்து, காலால் உதைத்து மூடினான். எலும்பு முறியும் சத்தத்தை நான் முதலில் கேட்டேன். வலி பிறகுதான் வந்தது. அவன் மறுபடியும் இழுத்தான், மறுபடியும் உதைத்தான். கீழே சாலையில் வாகனங்களின் இரைச்சல், புடவைக் கடையின் ஒலிபெருக்கிப் பாட்டு. என் அலறல் யார் காதிலும் விழுந்திருக்காது.

மேசையில் இருந்த என் கைப்பேசி அடித்தது. திரையில் அவளுடைய படம். அன்று புதுப் படங்கள் கொடுக்க வருவதாகச் சொல்லியிருந்தாள். நேரமிருக்கிறதென்று கீழே சாப்பாட்டுக் கடையில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த எண்கள் அவளுக்குப் போயிருந்தன. நான் சொல்லாமல் நுழைய மாட்டேன் என்பதால் உடனே அழைத்திருக்கிறாள்.

அவனே எடுத்தான். "கோட சொல்லு," என்றான். பதில் வருவதற்குள் இழுப்பறையை இன்னொரு முறை உதைத்தான். நான் கத்தினேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் வெளியே அவளுடைய குரல். "கதவத் திற. கோடு என்கிட்ட இருக்கு. அக்காவ விட்டுடு."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். காத்திருந்தது இதற்குத்தான். சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்த் தாழ்ப்பாளை எடுத்தான்.

மாடிப்படி முடியும் இடத்தில் சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று மாட்டியிருக்கும். அதைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கதவு திறந்ததும் அதன் அடிப்பாகத்தை அவன் முகத்தில் இறக்கினாள். மூக்கு உள்ளே போனது. பின்னால் சாய்ந்து என் மேசையின் விளிம்பில் மோதித் தரையில் விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. தோளில் அடித்தாள். முழங்காலில் அடித்தாள். அவன் தவழ்ந்து மேசைக்கடியில் போகப் பார்த்தான், முதுகில் அடித்தாள். தீய்ந்த கையின் கட்டு அவிழ்ந்து தொங்கியது.  இரும்பு உடம்பில் படும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. போதும் என்று கத்த எனக்கு வாய் இருந்தது, ஆனால் உடனே கத்தவில்லை. அவன் கையை உயர்த்தி என்னைப் பார்த்தான், காப்பாற்றுங்கள் என்பது போல. அப்போதுதான் அவளைப் பெயர் சொல்லி அழைத்தேன். அவளுக்குக் கேட்கவில்லை.

கீழ்க்கடை முதலாளி அண்ணன்தான் வந்து நிறுத்தினார். சாப்பாட்டைப் பாதியில் விட்டு அவள் ஓடியதைப் பார்த்து, பரிமாறுகிற ஆட்கள் இருவரோடு மேலே வந்திருந்தார். பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார்.

"விடும்மா! செத்துருவான்லா! இவனுக்காக நீ உள்ள போகணுமா?"

அவள் கையிலிருந்து சிலிண்டர் விழுந்தது. அவன் இருமினான். தரையில் ரத்தமும் எச்சிலும்.

பாலாயில் எங்களை விசாரித்தவர் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி. முறிந்த விரல்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு நானும் உடன் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைக் கேட்டார்: "மொத அடியிலயே விழுந்துட்டான்ல. அப்புறமும் ஏம்மா அத்தன தடவ அடிச்ச?"

"எழுந்துருவான்னு நினைச்சேன் மேடம். வீட்ல தள்ளிவிட்டா எப்பவும் அவன் எழுந்துருவான்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அவள்மேல் வழக்கு வரவில்லை. அவனுக்குச் சிறை கிடைத்தது, நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக. தீர்ப்பு சொன்ன அன்று நீதிமன்ற வாசலில் அவனுடைய அண்ணன் எங்கள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் அவன் வீட்டு ஆட்கள் தளத்தில் அசிங்கமாக எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். எதுவும் வெளியே தெரிவதில்லை. காலையில் தேநீர் குடித்துக்கொண்டே அழித்துவிடுவதாக அவள் சொன்னாள். முதலில் ஒவ்வொன்றையும் முழுதாகப் படிப்பாளாம், பிறகு பழகிவிட்டதாம். அவன் வெளியே வரும் நாளை நினைத்தால் மட்டும் இன்னும் தூக்கம் வருவதில்லை என்றாள். எனக்கும்தான்.

என் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. மீதி விரல்களால் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டேன். இழுப்பறை உள்ள அந்த மேசையை விற்றுவிட்டு வெறும் பலகை ஒன்று வாங்கிப் போட்டேன். யாராவது ஹெல்மெட்டோடு படியேறி வந்தால், அவர் உட்கார்ந்து பேசி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருக்கிறேன். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். முதுகுவலி என்பேன்.

வேலை செய்யும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் புது வாடிக்கையாளரிடம், யார் கண்ணிலெல்லாம் நீங்கள் பட வேண்டும் என்று கேட்டுத்தான் தொடங்குவேன். இப்போது அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது தெரியக் கூடாத ஆள் யாராவது உண்டா? பலர் சிரிப்பார்கள். கடன்காரன்தான் என்று சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சில பெண்கள் சிரிப்பதில்லை.

போன மாதம் கிள்ளானிலிருந்து ஓர் அச்சகக்காரர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், உரக்கப் பேசுகிறவர். கல்யாணப் பத்திரிகை, பதாகை எல்லாம் அடிக்கிறார். வரைபடம் வேண்டும், படம் வேண்டும், கடை திறந்திருக்கும் நேரம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

அதைக் கேட்டதும் அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்போதுதான் கழுத்தோரத்தில் தையல் போட்ட தழும்பு கண்ணில் பட்டது. திரும்பிக் கதவைப் பார்த்தார், பிறகு என்னை.

"என் மகன்," என்றார்.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கண்ணே. அவசரமில்ல."