சலாஹுதீன் சொன்ன சாட்சி

மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங் பகுதியில் முப்பது வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தும் சலாஹுதீனுக்கு ஒருவர் பெயரும் மனதில் நிற்காது. ஆனால் யார் என்ன குடிப்பார் என்பது மறக்கவே மறக்காது.

வெளிநாட்டில் குண்டு போடும் ஒரு வல்லரசைக் கண்டித்துத் திடலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. அவரும் போய்க் கத்தித் தொண்டை கட்டித் திரும்பினார். மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் பஞ்சலிங்கம் நோட்டும் கையுமாகக் கடையில் வந்து உட்கார்ந்தார்.

“அனுமதி வாங்காத கூட்டம். யார் யார் வந்தாங்க, சொல்லுங்க அண்ணே.”

“சொல்றேன் லா துவான், எனக்கென்ன பயம்?” சலாஹுதீன் கண்ணை மூடி யோசித்தார். “பால் ஊத்தாத தே ஓ ஐஸ் குடிக்கிறவங்க ரெண்டு பேரு. சீனி இல்லாத கோப்பி ஒருத்தரு, அவருதான் பெரிய பேனர் பிடிச்சாரு. இஞ்சித் தே குடும்பத்தோட வந்துச்சு.”

“எனக்குப் பேரு வேணும், அண்ணே!”

“பேரெல்லாம் தெரியாது துவான். ஆனா மைக் பிடிச்சு எல்லாரையும் கத்த வச்சது யாருன்னு நல்லாத் தெரியும். சனிக்கிழமையானா உங்ககூட வந்து மைலோ குடிப்பாங்களே, அந்த அம்மாதான்.”

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

“வீட்டுக்கு மைலோ ஒண்ணு பார்சல் கட்டுங்க,” என்றார் மெதுவாக. “பால் கொஞ்சம் கூடவே ஊத்துங்க.”