ஆடாத வேன்

பாலர் பள்ளியில் பிள்ளைகள் கத்தும் நேரத்துக்கு நான் பயந்ததே இல்லை. தூங்கும் நேரத்துக்குத்தான் பயம். பிள்ளை பார்க்கிற பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்காவது இது புரியும்.

மூக்கடியில் விரல்

எங்கள் பள்ளி மலேசியாவில் மந்தின் ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. மதியச் சோறு முடிந்ததும் பாய் விரித்துப் படுக்க வைப்போம். எல்லாம் அடங்கியதும் ஒவ்வொரு பாயாகப் பார்த்து வருவேன். அசையாமல் கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால் மூச்சு இருக்கா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். குனிந்து மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் கவின் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "டீச்சர், நான் தூங்கிட்டேன்லா. தொந்தரவு பண்ணாதீங்க."

தொட்டில் பிள்ளை

தாரணி புதிதாகச் சேர்ந்த நாலு வயசுக்காரி. பாயில் போட்டால் கண்ணையே மூட மாட்டாள், பக்கத்தில் இருப்பவர்களையும் எழுப்பிவிடுவாள். அவள் அம்மாவிடம் கேட்டேன். வீட்டில் இன்னமும் ஸ்பிரிங்கில் கைலி கட்டித் தொங்கவிட்ட தொட்டிலில்தான் தூங்குகிறாளாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய பிள்ளைக்கா தொட்டில், முதலில் கழற்றிப் போடுங்கள் என்றேன். அந்த அம்மா அசரவில்லை. "ஆடாம தூங்க மாட்டா டீச்சர். உங்க வேன்ல ஏறினாக்கூட அடுத்த முக்குலயே தூங்கிடுவா."

காலிப் பாய்

மறுவாரம் ஒரு மதியம் தாரணியின் பாய் காலியாக இருந்தது. கழிவறையில் இல்லை, மேசைக்கடியிலும் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே மழைத்தண்ணீர் ஓடும் பெரிய கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனைக் காடு. சமையல் மேரி அக்கா கால்வாய் ஓரமாக ஓடினார். நான் தாரணியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அப்போதுதான் அவள் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

வேன் வெயிலில் நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, கதவும் பூட்டியிருந்தது. பின் சீட்டில் சுருண்டு கிடந்தாள், அசைவே இல்லை. வேன் ஓட்டும் முனியாண்டி அண்ணன் சாவியோடு ஓடி வந்தார். கூட்டித் துடைத்து, காயட்டும் என்று கதவைத் திறந்து போட்டிருந்தவர், பிறகு உள்ளே பார்க்காமல் பூட்டிவிட்டாராம். பிள்ளையை வாரித் தூக்கியதும் விரல் தானாக மூக்கடிக்குப் போனது. மூச்சு இருந்தது. நிழலில் போட்டு, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே அழுதேன். கிளினிக்குக்குக் கிளம்பும்போது மெல்லக் கண்ணைத் திறந்தாள். "டீச்சர், வேன் ஆடவே இல்ல."

இப்போதெல்லாம் மதியத்தில் வேன் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள், நான்தான் ராத்திரியில்கூடத் தூங்குவதில்லை.