சாவி என்று முடிந்த வரி

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன், செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டேன், வாரத்துப் புடவைகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். மதியத்துக்கு அரை ஆழாக்கு அரிசி, கத்தரிக்காய்க் குழம்பு. பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை எனக்கு, சனிக்கிழமை விடுமுறை. அப்பா இறந்த பிறகு, வெள்ளி மாலை ஆய்வகக் கதவைச் சாத்தினால் திங்கள் காலை வரை என்னோடு பேச யாரும் இல்லை. கீரமங்கலத்தில் நூலக மாடியில் ஐம்பது வயது கடந்தவர்களுக்குச் சனிக்கிழமை மாலைதோறும் எழுத்து வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தது அதனால்தான்.

நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கடைசி அரைமணி நேரம் அந்தாதி. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வரி சொல்ல வேண்டும். ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். மார்க்கெட்டில் பூ வியாபாரம் செய்யும் அக்கா, கடையை ஒதுங்கவைத்துவிட்டுக் கடைசியாக வருவார். அதனால் கடைசி நாற்காலி, என் பக்கத்து நாற்காலி, அவருடையது. என் சொல்லை எப்போதும் எடுப்பவர் அவர்தான்.

“ஏத்தா, சீசாவுக்குச் சீட்டு ஒட்டுற மாதிரியே சொல்றியே, கொஞ்சம் சிந்தவிட்டாத்தான் என்ன?” என்று கேலி செய்துவிட்டுத்தான் தொடங்குவார். எந்தச் சொல்லில் முடித்தால் அவர் என்ன சொல்வார் என்று நடந்து வரும்போதே யோசித்துக்கொண்டு வருவேன்.

இந்தச் சனிக்கிழமை அவர் நாற்காலி காலி. எனக்கு முந்தைய வரியைச் சொன்னவர் ‘வீடு’ என்று முடித்தார். நான் சொன்னேன்: “வீடு பூட்டிப் புறப்பட்டால் கொடுத்துவைக்க ஆளில்லை, என் இடுப்பிலேயே இருக்கிறது சாவி.”

ஆசிரியர் காலி நாற்காலியைப் பார்த்தார். “பூக்கார அம்மாவுக்காகக் கொஞ்சம் பொறுப்போமா?”

“அவங்க எங்கிட்டு சார் வர்றது?” என்றார் எதிரே இருந்த ரிட்டயர்டு கண்டக்டர். “திருப்பூர்ல மக வீட்டோட போயிட்டாங்கள்ல. முந்தாநாளே சாமானெல்லாம் ஏத்தியாச்சு.”

“அப்ப இன்னைக்கு இதோட நிப்பாட்டிக்குவோம்” என்றார் ஆசிரியர்.

எல்லோரும் நாற்காலிகளை அடுக்கினார்கள். நான் இரண்டை அடுக்கினேன்.

என்னிடம் அவர் சொல்லவில்லை. போன வாரம், விற்காமல் நின்றது என்று ஒரு முழம் முல்லையைக் கையில் கொடுத்து, “வாரேன்த்தா” என்றார். எப்போதும் சொல்வதுதான்.

வீட்டுக்கு வந்து துணிகளை மடித்தேன். இரண்டு தோசை ஊற்றிக்கொண்டேன். ‘சாவி’யில் தொடங்கி நானே ஒரு வரி எழுதிப் பார்த்தேன். பல்லாங்குழியில் இரண்டு பக்கமும் ஒருத்தியே ஆடுவது போலிருந்தது, அடித்துவிட்டேன். அவருடைய எண் என் போனில் இருந்தது. முதல் வகுப்பன்று போனைப் பிடுங்கி அவரே பதிந்து கொடுத்தது. ஒருமுறைகூட அழைத்ததில்லை. சொல்லாமல் போனவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று விளக்கை அணைத்தேன்.

ஞாயிறு காலை எழுந்ததும் வாசல் தெளிக்கவில்லை. போனை எடுத்தேன். மார்க்கெட்டுக்காக இருட்டிலேயே எழுந்து பழகியவர், அதற்குள் அதை விட்டிருக்க மாட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அக்கா, நான்தான். நேத்து நான் ‘சாவி’ன்னு முடிச்சேன். எடுக்க ஆளில்லை.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கோவிச்சுக்காதத்தா. ஒங்கிட்ட சொன்னா அழுதுருவேன்னுதான் சொல்லல” என்றார். “என்ன சொன்ன, சாவியா? சாவி மக கையில ஒன்னு, மருமகன் கையில ஒன்னு. காத்தாட வெளிய போனா, திரும்பி வந்து கதவைத் தட்டிட்டு நிக்கிறேன்.”

“இதுதான் வரியா அக்கா?”

“வரிதான், எழுதிக்க. ‘நிக்கிறேன்’னு முடிச்சிருக்கேன். நீ எடு.”

நேற்று அடித்த வரிக்குக் கீழே அதை எழுதிக்கொண்டேன்.

“மெதுவா யோசிச்சுச் சொல்லுத்தா. இங்க எல்லாரும் எந்திரிக்க இன்னும் நேரம் கெடக்கு.”