கேட்ட மாத்திரையைக் கொடுக்காத மருந்தாளர்

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் கணவருக்குக் கடும் காய்ச்சல், உடம்பு வலி. அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டு, சுங்கைப் பட்டாணி நகரத்து மருந்துக் கடையில், அவர் வழக்கமாக மூட்டு வலிக்குப் போடும் மாத்திரையைக் கேட்டேன்.

"யாருக்குக்கா? காய்ச்சல் இருக்கா?" என்றார் மருந்தாளர்.

"வீட்டுக்காரருக்கும்மா. காய்ச்சலோட கண்ணுக்குப் பின்னால குத்துதாம். சீக்கிரம் குடு, கார்ல துடிக்கிறாரு."

மாத்திரையை எடுக்காமல் அந்தப் பெண் என்னுடன் காருக்கே வந்துவிட்டார். கணவரின் கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள்; ஈறில் ரத்தம்.

"டிங்கிக் கொசுக் காய்ச்சல் மாதிரி தெரியுதுக்கா. இந்த மாத்திரை போட்டா ரத்தக்கசிவு கூடிடும். உடனே ஹாஸ்பிட்டல் போங்கலா!"

மருத்துவமனையில் ரத்தம் சோதித்ததில் டிங்கியேதான். சில நாள் வார்டில் இருந்து பிழைத்து வந்தார்.

இப்போதெல்லாம் மருந்துக் கடையில் நான் மாத்திரையின் பெயரைச் சொல்வதில்லை. யாருக்கு, என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டு, மருந்தாளர் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.