ஆற்றுக்கு நடந்து மீட்ட வாய்ப்பாடு

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்புக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தை மாதம் விஷக் காய்ச்சல் வந்து ஐந்து வாரம் படுத்துவிட்டேன். காய்ச்சல் விட்டபோது தலைமயிரில் பாதி கொட்டிப்போயிருந்தது. அதற்கு முக்காடு இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் பள்ளிக்கூடம் போய்ச் சாக்கட்டியோடு கரும்பலகை முன் நின்ற அன்றுதான் உள்ளேயும் ஏதோ கொட்டிப்போயிருப்பது தெரிந்தது.

ஏழெட்டு எவ்வளவு? எழுத வரவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். நான் திரும்பாமல் நிற்கவும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. முன்வரிசைப் பெண்ணைச் சொல்லச் சொல்லலாமென்றால், இரண்டு வருஷம் பார்த்த அவள் பெயர் வாயில் வரவில்லை.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. கோடை விடுமுறை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார். வைத்தியரோ, மூளைக்கு அலுப்பே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்றார். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒரு செம்பைக்கூட எடுக்க விடமாட்டார். வல்லாரையை அரைத்துப் பாலில் கலந்து அவரே கொண்டுவந்து கொடுப்பார். படுக்கப் படுக்க என் தலை இன்னும் மந்தமாயிற்று. ஒரு ராத்திரி ஜெபத்தின் நடுவில் அடுத்த வார்த்தை தெரியாமல் நின்றேன். அவர் முடித்துவைத்தார்.

பங்குனி முடியுமுன் வீட்டுக் கிணறு வற்றியது. குடிதண்ணீருக்கு ஆற்றில் கொக்கிரகுளம் படித்துறைக்குப் போக வேண்டும், ஒன்றரை மைல். என் கணவரின் தங்கை எங்களோடு இருந்தாள். இருபது வயதில் புருஷனை இழந்தவள், எழுத்து வாசனை கிடையாது, வாய் மட்டும் உண்டு. முதல் நாள் காலையில், அவர் கச்சேரிக்குப் போனதும், இடுப்பில் குடத்தோடு என் கட்டிலருகே வந்து நின்றாள்.

"மைனி, ஒத்தையில போகக் கூச்சமா இருக்கு. நீங்க வெறுங்கையோட வந்தாப் போதும்."

"எனக்குக் காலு நடுங்குதே."

"நடுங்குனா உக்காருவோம். ரோட்டுல மரமா இல்ல?"

அன்று மூன்று மரத்தடியில் உட்கார்ந்தோம். திரும்பி வந்து நான் தூங்கிய தூக்கம், காய்ச்சலுக்குப் பிறகு தூங்கிய முதல் நல்ல தூக்கம்.

ஒரு வாரத்தில் மரங்கள் இரண்டாகின, பிறகு ஒன்று. நடக்கும்போது எட்டெட்டாக அடி எண்ணினேன். அதுவே வாய்ப்பாடாக மாறி, ஒருநாள் சத்தமாகவே சொல்லிக்கொண்டு நடந்தேன். நாத்தனார் காதில் வாங்கிக்கொண்டே வந்தாள்.

"மைனி, நேத்து ஏழெட்டு அம்பத்தாறுன்னிய. இன்னிக்கு அம்பத்துநாலுங்குதிய. எது நெசம்?"

நடுரோட்டில் நின்று விரல்விட்டு எண்ணினேன். ஐம்பத்தாறுதான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதன்பின் எனக்கு வாத்தியார் அவள்தான்.

சித்திரையில் நானும் ஒரு சிறு குடம் தூக்கினேன். அதை யாரோ கச்சேரியில் சொல்லிவிட்டார்கள். மாலை என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"சீக்குக்காரிய தண்ணி சுமக்க விடுதேன்னு ஊரே பேசுது. நாளையிலேருந்து நீ போகண்டாம்."

அவருக்காகப் போவதை நிறுத்தினேன். ஆறு நாள் படுத்திருந்தேன். நாலாம் நாள் எழுந்து அடுப்பருகே போனபோது குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். ஏழாம் நாள் காலையில் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் எதிரே போனேன்.

"இங்க பாருங்க, படுத்தா எனக்கு மறக்குது. நடந்தா வருது. ஏன்னு எனக்குத் தெரியாது."

அவர் எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டார். "வெயிலுக்கு முன்னால வந்திருங்க" என்றார். மறுவாரத்திலிருந்து அவரும் பாதி தூரம் எங்களோடு நடந்து, ஆற்றுப் பாலத்துப் பக்கம் கச்சேரிக்குப் பிரிந்து போனார்.

கோடை மழைக்குப் பிறகு கிணற்றில் தண்ணீர் ஊறியது. நாங்கள் நடப்பதை நிறுத்தவில்லை; குடம் மட்டும் வீட்டில் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று நாற்பத்திரண்டு பிள்ளைகளின் பெயரையும் ஆஜர் புத்தகம் பாராமல் கூப்பிட்டேன். இரண்டு பேரை மாற்றிக் கூப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. காய்ச்சலுக்கு முந்தைய கிறிஸ்துமஸ் எனக்கு இல்லவே இல்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

அந்த வருஷம் தலைமையாசிரியையிடம் கேட்டு, கணக்குப் பாடத்துக்கு முன் பிள்ளைகளை வளாகத்தைச் சுற்றி மூன்று சுற்று ஓடவிட்டேன். மத்தியானத்துக்குப் பின் தூங்கிவழிகிற வகுப்பு, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கணக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தகப்பனார், கடைத்தெரு வியாபாரி, கோபமாக வந்தார்.

"டீச்சரம்மா, பொம்பளப் பிள்ளைய ஓட விடுதியளே, நல்லாவா இருக்கு?"

"அண்ணாச்சி, நேத்து ஓடிட்டு வந்து அவ போட்ட கணக்கைக் கொஞ்சம் பாருங்க" என்று சிலேட்டைக் கொடுத்தேன். எட்டுக் கணக்கும் சரி. அவர் இரண்டு தடவை பார்த்தார். வெளியே அவர் மகள் மூன்றாம் சுற்றில் முன்னால் வந்துகொண்டிருந்தாள்.

"விழுந்திராம பையத்தான் ஓடச் சொல்லுங்களேன்" என்றார்.

மறுநாள் அவள் பாவாடையைத் தூக்கிச் செருகி, சடையை இறுக்கி மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பாதான் அப்படிக் கட்டச் சொன்னாராம்.