நாலாவது ஞானஸ்நானத்துக்குப் பை கட்டியவன்

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம். என்னை அறிந்தவர்கள் சபைப் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் பார்த்ததும், "இவனா சாட்சி எழுதுகிறான்? நடுவில் ஜோக் அடிப்பானே" என்று நினைப்பீர்கள். அடிப்பேன். ஆனால் சொல்லப்போவது நடந்தது. சிரிப்பு என்மேல் விழட்டும், மகிமை ஆண்டவருக்குப் போகட்டும்.

போன வருஷம், பொங்கல் கழிந்த சமயம். மைசூர் அக்ரஹாரத்தில் எனக்கு ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை உண்டு. ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பும் முன் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். கழுத்தின் வலது பக்கத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவுதான். மத்தியானத்துக்குள் அதை நெல்லிக்காய் ஆக்கினேன். சாயங்காலத்துக்குள் எலுமிச்சம்பழம் ஆக்கிவிட்டேன். கட்டி அப்படியேதான் இருந்தது. என் கற்பனைதான் வளர்ந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, தைராய்டில் கட்டி, எடுத்துவிடலாம் என்றார். எடுத்து ஆய்வுக்கு அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றும் சொன்னார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

மற்றவர்களுக்கு இந்த இடத்தில் செத்துப்போவோமோ என்ற பயம் வரும். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. செத்த அடுத்த நிமிஷத்தை நினைத்துத்தான் பயம். நான் பிறந்ததிலிருந்து விசுவாசி. ஆனால் பரலோகத்தில் எனக்கு இடம் இருக்கிறது என்று ஒரு நாள்கூட நம்பியதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். என் தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். எங்கள் வீட்டில் தினமும் சாயங்கால ஜெபம் முடிந்ததும் அப்பா கேட்பார்:

"இப்போ ஆண்டவர் வந்தா யாரெல்லாம் அவரோட பரலோகம் போவீங்க? கையைத் தூக்குங்க."

தூக்கினால், "அவ்வளவு பெருமையா உனக்கு?" என்பார். தூக்காவிட்டால், "இவ்வளவு சொல்லியும் விசுவாசம் இல்லையா?" என்பார். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கையைக் காது வரைக்கும் தூக்கி, காதைச் சொறிவேன். மேலேயிருந்து பார்க்கிறவர் அவருக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் அம்மா இல்லையென்றால் முடிந்தது. ஆண்டவரின் வருகை நடந்துவிட்டது, எல்லாரும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று அலறிக்கொண்டு தெருவில் ஓடுவேன். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருப்பார். அவரைப் பார்த்ததும் எனக்கு வரும் சந்தோஷத்தில் பாதி, அம்மா கிடைத்துவிட்டார் என்பது. மீதிப் பாதி, அப்பாடா, அம்மாவும் போகவில்லை என்பது.

தியேட்டருக்குள் இருக்கும்போது ஆண்டவர் வந்தால் உள்ளே வந்து தேடமாட்டார் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் காலேஜ் நாட்களில் சினிமாவுக்குப் போனால் வெளியே போகும் கதவுக்குப் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவேன். அவர் வரும் எக்காளச் சத்தம் கேட்டால் ஒரே பாய்ச்சலில் வெளியே வந்துவிடலாம் என்று திட்டம். பாதிப் படம் கதவையே பார்த்துக்கொண்டு போகும்.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் ஆண்டவரை அறிமுகம் செய்திருக்கிறார்கள். பயந்த மனிதர், தனக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

இப்படி வளர்ந்தவன் ஞானஸ்நானத்தை மட்டும் சும்மா விடுவானா? முதல் முறை எடுத்தபோது மீசைகூட முளைக்கவில்லை. சபையின் தொட்டியில் முழுக்கினார்கள். துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். சித்தப்பா மகன் காதருகே வந்து, "டேய், உன் முட்டி முங்கவே இல்லடா" என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னான். நானோ வருஷக்கணக்கில் அதையே யோசித்தேன். மற்ற உடம்பெல்லாம் பரலோகம் போய், முட்டி மட்டும் நரகத்தில் கிடக்குமா?

வேலைக்காகப் பெங்களூரில் இருந்தபோது வேறொரு சபையில் இரண்டாம் முறை எடுத்தேன். இந்தத் தடவை முட்டியெல்லாம் சரியாக முங்கியது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் சீட்டுக்காக ஒருவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். தலைமுடிகூட காயவில்லை, அதற்குள் இப்படி. அதுவும் போச்சு. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மூன்றாம் முறை. அதிலாவது நிம்மதி வந்ததா? மறுபடியும் முட்டி மேலே வந்ததோ என்று சந்தேகம். நல்லவேளை, அப்போது சித்தப்பா மகன் பக்கத்தில் இல்லை.

என் மனைவி சரோஜா வேறு மாதிரி. ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கொள்ளேகாலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும்போது ஆண்டவரை அறிந்துகொண்டவள். சின்ன வயதில் யாரும் அவளுக்கு நரகத்தின் படம் காட்டவில்லை. ஒரே ஒரு முறை ஞானஸ்நானம் எடுத்தாள். அதன் பிறகு அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவள் ஜெபிப்பதைக் கேட்டால் ஊரிலிருக்கும் அவள் அப்பாவோடு போனில் பேசுவது போல இருக்கும். "அப்பா, இன்னிக்கு எனக்குக் கோவம் வந்துருச்சுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாள். முடித்ததும் தூங்கிவிடுவாள். எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரே ஆண்டவர், ஒரே சபை. இவளுக்குத் தெரிந்த எதுவோ எனக்குத் தெரியவில்லையே, அது என்ன?

டாக்டர் நாள் குறித்ததிலிருந்து நான் ஒரே ஜெபம்தான் செய்தேன். "ஆண்டவரே, கட்டி போகணும்னுகூட நான் கேட்கலை. நான் உம்முடையவனா இல்லையா? அதை மட்டும் ஒரு தடவை சொல்லிடும்." கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போதும் அதே ஜெபம். பதில் வரவில்லை. வராததற்கும் நானே காரணம் கண்டுபிடித்தேன். எடுத்த மூன்று ஞானஸ்நானமும் சரியில்லை. நாலாவது எடுக்க வேண்டும்.

நம் பாஸ்டரிடம் கேட்டால் சிரிப்பார். அதனால் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் என்னைத் தெரியாத ஒரு சின்ன சபையை விசாரித்தேன். அந்தச் சனிக்கிழமை காவேரியில் ஞானஸ்நானம் என்றார்கள். காலையில் சத்தம் போடாமல் பை கட்டினேன். சரோஜா வந்து நின்றாள்.

"ஏனுங்க, கடையப் பூட்டிப்போட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"ஸ்ரீரங்கப்பட்டணம். ஒரு சபையில ஞானஸ்நானம். சும்மா பார்க்கலாம்னு."

அவள் பையைத் திறந்து பார்த்தாள். "பாக்கறதுக்கு எதுக்குங்க மாத்து பனியன்?"

நான் பையை இழுத்து மூடினேன்.

"நாலாவதா?"

"ஆபரேஷன் வருதில்ல சரோ..."

"எனக்கு ஒண்ணு வெளங்கலீங்க. நாம கட்டிக்கிட்டு இத்தன வருசத்துல எத்தன சண்ட போட்டிருப்போம்? ஒவ்வொரு சண்டைக்கும் திரும்பப் போய்க் கண்ணாலம் பண்ணிக்கிட்டமா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? சரி, இருங்க. நானும் வாரேன். நாலு தடவ முங்கற மனுசன நான் பாத்ததில்ல."

ஆற்றங்கரையில் ஞானஸ்நானம் எடுக்க ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அந்தப் பாஸ்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது, பென்சில் மாதிரி உடம்பு. தண்ணீரில் இறங்கும் முன் ஒவ்வொருவரும் தங்கள் சாட்சியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த முறைதான். என் முறை வந்தது.

"அண்ணா, நீங்க எப்போ ஆண்டவரை ஏத்துக்கிட்டீங்க?"

"எந்தத் தடவையைச் சொல்ல?" என்று வாய் முந்திக்கொண்டது.

பின்னால் சரோஜா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என்ன, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தொட்டி, முட்டி, பஸ், கட்டி. பாஸ்டர் சிரிக்கவில்லை. கரையிலிருந்த துண்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஆயித்து, சரி அண்ணா. முதல்ல இவங்கெல்லாம் முடியட்டும். நீங்க துண்டு வெச்சுக்கிட்டு ஓரமா நில்லுங்க. மேல வர்றவங்களுக்குக் கொடுங்க. பிறகு நாம பேசலாம்."

அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தீர்ப்புக் கேட்ட மாதிரி இருந்தது. காவேரியே என்னை வேண்டாம் என்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில், தோளில் துண்டுகளோடு நின்றேன்.

நின்றவன் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று முறை எடுத்தவன் நான், ஆனால் ஞானஸ்நானத்தை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. முழுகுகிறவர் நெஞ்சின் மேல் கைகளைக் குறுக்கே கட்டிக்கொள்கிறார். பாஸ்டர் ஒரு கையை முதுகுக்குக் கீழே கொடுத்து, பின்பக்கமாகச் சாய்க்கிறார். சிலர் விறைத்துக்கொண்டார்கள். விறைத்தவர்களுக்கெல்லாம் முட்டி மேலே வந்தது! தளர்ந்து சாய்ந்தவர்கள் அப்படியே உள்ளே போனார்கள். இரண்டு பேரையும் பாஸ்டர் ஒரே மாதிரிதான் தூக்கினார். வெளியே வந்த முகத்தில் அதே சிரிப்பு. முட்டி வெளியே தெரிந்ததே என்று ஒருவர்கூட அழவில்லை. இதென்ன விசித்திரம் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கடைசியாக ஒரு சகோதரி. நல்ல உயரம், நல்ல உடம்பு. இரண்டு பாஸ்டர் அளவு இருப்பார். அவரைப் பாஸ்டர் பின்பக்கமாகச் சாய்த்தபோது பாசி படிந்த கல்லில் பாஸ்டரின் கால் வழுக்கியது. நான் பார்த்துவிட்டேன். துண்டுகளை எறிந்துவிட்டுப் பாய்ந்தேன். பாய்ந்த இடத்தில் பள்ளம். சகோதரியைத் தாங்கப் போனவன் உச்சிமுடி வரைக்கும் உள்ளே போய்விட்டேன்.

கண் திறந்தபடி போனேன். பச்சையாக இருந்தது. வாயில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து ஒரு கை கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தது.

இருமிக்கொண்டு பார்க்கிறேன். பாஸ்டர் ஒரு காலை மணலில் ஊன்றி நிற்கிறார். ஒரு கை சகோதரியின் முதுகில். இன்னொரு கை என் காலரில். சகோதரி, "ஸ்தோத்திரம்!" என்று முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, "இந்த அண்ணா ஏன் துணியோட முங்கிட்டாரு?" என்று கேட்டார்.

பாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "அண்ணா, நான் வழுக்கினது நிஜம். இவங்களை விட்டேனா?"

"இல்ல."

"உங்களை?"

"இல்ல."

"இவங்க என்னைப் பிடிச்சிருந்தாங்களா?"

எப்படிப் பிடித்திருப்பார்? கைகளை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டுதானே சாய்ந்தார். நான் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன். பாஸ்டர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஒன்றுதான் சொன்னார்: "நானே இவ்வளவு பிடிச்சா, வழுக்காதவர் எவ்வளவு பிடிப்பார்?"

பிறகு மெதுவாகக் கேட்டார். "இப்போ உங்களுக்குக் கொடுக்கட்டுமா அண்ணா? கண்டிப்பா வேணும்னா சொல்லுங்க."

அதற்காகத்தான் வந்திருந்தேன். அதற்காகத்தான் கடையைப் பூட்டியிருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "வேண்டாம் பாஸ்டர்." சொன்னவன் நான்தானா என்று எனக்கே சந்தேகம். இத்தனை வருஷம் நான் ஆண்டவரைச் சரியாகப் பிடித்திருக்கிறேனா என்றுதான் சோதித்துக்கொண்டிருந்தேன். முதல் முறையே அவர் என்னைப் பிடித்துவிட்டார் என்பதை யோசிக்கவே இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரிலேயே நின்று அழுதேன், சிரித்தேன். எது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

கரையில் சரோஜா மாற்றுத் துணியோடு நின்றாள். "பனியன் உதவுச்சு பாத்தீங்களா!" என்றாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது.

ஆபரேஷன் நாள் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, "பயா ஆகுதா சார்?" என்று நர்ஸ் கேட்டார். "ஊசிக்கு மட்டும்மா" என்றேன். உண்மையாகவே அவ்வளவுதான் பயம். பயம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. சின்னப் பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி ஓர் ஆவல். அவர் எப்படி இருப்பார்? என்னைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்லுவார்? என் ஜோக்குக்குச் சிரிப்பாரா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வந்துவிட்டது.

கண் திறந்தேன். சரோஜாவின் முகம்.

"ஏனுங்க, ஏமாந்து போன மாதிரி பாக்கறீங்க?"

தொண்டையில் கட்டு, பேச முடியவில்லை. விரல்களைச் சேர்த்து, 'கொஞ்சம்' என்று காட்டினேன். அவள் என் கையில் ஓர் அடி போட்டாள்.

கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று சில நாட்களில் ரிப்போர்ட் வந்தது. அதற்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் என் சாட்சி அது இல்லை. ரிப்போர்ட் வேறு மாதிரி வந்திருந்தாலும் இதை இதே சிரிப்போடுதான் எழுதியிருப்பேன். இப்போதும் பாவம் செய்தால் மனம் குத்துகிறது. பஸ்ஸில் வாய் நீளுகிறது. அப்போதெல்லாம் அவரிடமிருந்து ஓடுவதில்லை, அவரிடமே போய்ச் சொல்கிறேன். ஜெபம் என்றால் இப்போது பேச்சுதான். சரோஜா அளவுக்கு வரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆராதனையில் பாட்டுப் பாடிக்கொண்டே உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் சகோதரனே, சகோதரியே, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும். அந்த வரிசையில் நான் வெகுகாலம் நின்றவன். நான் உம்முடையவன்தானா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார். அவர் பதில் சொல்லும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். என் விஷயத்தில் கொஞ்சம் காவேரித் தண்ணீரைக் குடிக்க வைத்துச் சொன்னார். உங்களுக்கு நிச்சயம் இதைவிடச் சுலபமாகச் சொல்லுவார்.