சூரியனோடு மல்லுக்கு நின்றவர்

என் அக்கா வீட்டுக்காரரை அனல்மின் நிலையத்தில் 'பாய்லர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையும் அது, குணமும் அது. எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருதலையாக எழுதிவிட்டான் என்று பிறகு யாரும் குறைபட்டுக்கொள்ள வேண்டாம்.

நிலக்கரி பெல்ட் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்று வேலையைத் தொடங்கியவர். பரீட்சை எழுதி, படிப்படியாக ஏறி, மின்சாரம் தயாரிக்கும் முதல் யூனிட்டின் கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி பிடித்தார். அதுவரைக்கும் பாராட்டலாம். உட்கார்ந்த நாளிலிருந்து நாட்டுக்கே தான்தான் விளக்குப் போடுவதாக ஒரு நினைப்பு வந்துவிட்டது. கல்யாண வீடோ சாவு வீடோ, பல்பு எரிந்தால் அண்ணாந்து பார்த்து "நம்ம கரண்ட்" என்பார். அணைகள் இருக்கின்றன, மலைமேல் காற்றாலைகள் இருக்கின்றன. அவர் கணக்கில் அதெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி.

நான் கூரைகளில் சூரியத் தகடு பொருத்துகிறவன். அப்படியானால் எனக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டியதில்லை.

"வாங்க, வெயில் வியாபாரி," என்பார். "சாயங்காலம் ஆச்சுன்னா உங்க முதலாளி படுத்துடுவாரே. அப்புறம் யார் வாசல்ல வந்து நிப்பீங்க?"

"இப்பதான் பேட்டரி வந்துடுச்சே, அத்தான்."

"டார்ச் லைட்டுல போடுவாங்களே, அதுவா?"

அக்கா சிரிக்கப் பார்ப்பாள். சிரிப்பு இருமலாக மாறிவிடும். நிலையத்தை ஒட்டி அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸில் ஜன்னல் கம்பியைக் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் மறுபடி சாம்பல் படிந்திருக்கும். அதைத் துடைத்துத் துடைத்தே அவள் நுரையீரல் போனது. சாம்பல்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் குழாய் மூக்கில் இருந்தால்தான் அவள் அடுப்படி வரைக்கும் போய் வர முடியும்.

கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டர் காலியாகிக் கிடந்தது. நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் இருக்கிறப்ப கரண்ட் எதுக்குப் போகுது?" என்று அவர் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். கூரையில் நாலு தகடும் கீழே ஒரு பேட்டரியும் வைத்துத் தருகிறேன் என்று நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் மறித்துக்கொண்டு நின்றார்.

"என் வீட்டுக் கூரையில அதைப் போட்டா, நாளைக்கு ஆபீஸ்ல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?"

மனைவியின் மூச்சைவிட அவருக்குத் தலை நிமிர்வது பெரிதாகிவிட்டது. அன்றைக்கு அவரை அடிக்கக் கை ஓங்காமல் வந்ததே பெரிய விஷயம்.

அவருக்கும் ஒரு பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாடெங்கும் தகடுகள் பெருகிவிட்டதால் மதிய வேளையில் நிலக்கரி யூனிட்டுகளின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வரும். வெயில் இறங்கியதும், ஏற்று ஏற்று என்று அதே போன் கத்தும். ஒரே சீராக எரிவதற்காகக் கட்டிய பழைய பாய்லர், இந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்காது. வேகமாக ஏற முடியாத யூனிட்டுகளை முதலில் மூடுவது என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பேச்சில் அவருடைய யூனிட்தான் முன்னால் நின்றது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தினமும் சாயங்காலம் விதித்த வேகத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஏற்றிக் காட்டத் தொடங்கினார். பக்கத்து நாற்காலி ஆபரேட்டர் இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னார். "சூரியன் படுத்தாச்சு, அண்ணன் எழுந்தாச்சு," என்று சொல்லிக்கொண்டேதான் ஏற்றுவாராம். கிழட்டு பாய்லரும் சொன்னபடி கேட்டதால் அவருக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள் சாயங்காலம் அது கேட்கவில்லை. அவர் அவசரமாக ஏற்றியதில் பாய்லரின் நீராவி டிரம்மில் தண்ணீர் பொங்கியது. பாதுகாப்பு விசை விழுந்து, யூனிட் மொத்தமாக நின்றது. திடீரென்று விழுந்த மின்சாரப் பள்ளத்தைச் சமாளிக்க, தானாகவே சில ஊர்களின் லைன்கள் வெட்டப்பட்டன. குவார்ட்டர்ஸ் லைனும் அதில் ஒன்று.

நான் வேலை முடிந்து அக்காவைப் பார்க்க வந்திருந்தேன். மெஷின் 'பீப்' என்று நீளமாகக் கத்திவிட்டு அடங்கியது. அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு நிறம் மாறுவதை நான் பார்த்தேன். வண்டிக்கு ஓடி, அத்தான் திருப்பி அனுப்பியதிலிருந்து அதிலேயே கிடந்த பேட்டரிப் பெட்டியைத் தூக்கிவந்து மெஷினை அதில் சொருகினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. மெஷின் ஓடத் தொடங்கி, அவள் தோள் மெல்ல இறங்கியது.

அத்தான் யூனிட்டை மற்றவர்களிடம் விட்டுவிட்டுப் பைக்கில் பறந்து வந்தார். அந்த மட்டுக்கும் அவருக்கு நினைவு இருந்தது. உள்ளே வந்து அக்காவைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். அந்த நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தது. மனிதர் குனிந்து, என் பெட்டியிலிருந்து பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் சொருகினார்.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் போச்சு?" என்று கேட்டாள்.

"யூனிட் நின்னுடுச்சு."

"அதான் ஏன்னு கேக்கிறேன்."

பொய் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"நான்தான். வேகமா ஏத்திட்டேன்," என்றார். "ஆனா அந்தப் பெட்டி இந்த வீட்டுல இருக்கக் கூடாது. இருந்தா, நானே என் யூனிட்டை மூடச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"சரிங்க," என்றாள் அக்கா. "தம்பி, பெட்டியை வண்டியில ஏத்து. மெஷினையும் ஏத்து. நானும் வரேன்."

அவர், "எப்ப வருவ?" என்று கேட்டார்.

"உங்க யூனிட்டை மூடட்டும். வரேன்."

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பாய்லரை மறுபடி பற்றவைக்கப் போகிறோம், உடனே வாருங்கள் என்று அழைப்பு. அவர் அக்காவைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் அக்காவின் துணிகளைப் பையில் எடுத்து வைத்து முடிப்பதற்கு முன்பே பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டிவிட்டது.